கிருமியில்லாச் சீழ்

மன்னாரிலிருந்து சிலாவத்துறை வழியே தெற்கு நோக்கிச் செல்வோருக்கு, முள்ளிக்குளத்தை அண்மிக்கும்போது ஒரு புறம் கடலும் மறு புறம் வில்பத்துக் காடும் நெருங்கி வருவது தெரியும். 2007 ஆம் ஆண்டில் இவ்வூர் மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். 2012 இல் மீண்டவர்கள் ஊருக்குள் நுழைய இயலாது, அயலிலுள்ள மலங்காட்டில் குடிசை அமைத்தனர். அப்பகுதி வீடுகளில் நாம் கண்ட ஒரு பொருள் இன்று நம்மை எழுதத் தூண்டுகின்றது. அது ஒரு பழைய பிஸ்கற்றுப் பேணி. உள்ளே சென்ற மாதத்துக் காய்ச்சலுக்குத் தந்தவை, பாட்டியின் மூட்டுவலிக்குத் தந்தவை என, மிஞ்சிய குளிசைகள் பெயரில்லாச் சரைகளில் கிடக்கும். வைத்தியசாலை தொலைவிலிருக்க, மருந்தைச் சேமித்து வைப்பவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் அப்பேணிக்குள் ஓர் அபூர்வ நோயும் ஒளிந்திருக்கக்கூடும்.

ஒரு மீனவரின் காலைச் சிப்பி கிழித்ததென வைத்துக்கொள்வோம். பேணியிலிருந்த அமொக்சிசிலின் குளிசை இரண்டை அவர் விழுங்குகின்றார். மறுநாள் கடுங்காய்ச்சல். கக்கத்திலும் தொடையிடுக்கிலும் தோல் சிவந்து, அதன்மேல் குண்டூசித் தலையளவில் நூற்றுக்கணக்கான வெண்கொப்புளங்கள் எழுகின்றன. “இஞ்சேருங்கோ, இது அம்மாள் வருத்தம்போலக் கிடக்கு,” என்கின்றாள் மனைவி. அயலவரோ, “சீழ் வைச்சிட்டுது, இன்னும் ரெண்டு குளிசை போடுங்கோ அண்ணை,” என்கின்றார். அம்மை என்ற எண்ணத்தினால் பெருங்கேடில்லை. அயலவரின் அன்பான யோசனைதான் ஆபத்தானது. ஏனெனில் அக்கொப்புளங்களின் சீழிலே கிருமி கிடையாது. மருந்தைப் பகையெனக் கருதிய உடலின் காவலணுக்கள், இரத்தத்து வெள்ளணுக்களைத் தோலுக்கு அழைக்கின்றன. அவ்வாறு வந்து குவிந்த படையே அந்தச் சீழ். கிருமியைக் கொல்லவென்று அதே குளிசையை மேலும் கொடுப்பது எரிகின்ற அடுப்பில் விறகைத் தள்ளுவதாகும்.

1968 இல் பேக்கர், ரயன் என்னும் ஆங்கில வைத்தியர்கள், சீழ்க்கொப்புளச் சொரியாசிஸ் நோயாளரை ஆராய்ந்தபோது, முன்னர் சொரியாசிஸ் இல்லாத சிலரையும் கண்டனர். அவர்களுக்கு நோய் திடீரென வந்து விரைவில் மறைந்தது. பிரான்சிய வைத்தியர் பெய்லோவும் அவரது குழுவினரும் 1980 இல் இதனைத் தனி நோயாகப் பெயரிட்டனர். ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் பேரில் 1 முதல் 5 பேருக்கே இது வரும் என்பது கணிப்பு. பத்தில் ஒன்பது முறை காரணம் மருந்தே. பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் ஓரிரு நாளிலே நோயை எழுப்பும். வேறு சிலவற்றுக்குப் பதினொரு நாளளவும் செல்லும். அப்போது குற்றவாளியைக் கண்டுபிடிப்பது எளிதன்று.

அவ்வாறு தாமதித்துத் தாக்குவனவற்றுள் ஒன்று ஐதரொக்சிகுளோரோகுயின். இது மலேரியா மருந்தாகிய குளோரோகுயினின் நெருங்கிய உறவு. 1934–35 இல் இத்தீவில் உயிர்களை வாரிச்சென்ற அந்நோய் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் 2016 இல் சான்றளித்தது. நோய் போயிற்று, மருந்தினம் மூட்டுவாதத்துக்கு உதவ நின்றுவிட்டது!

வைத்தியம் பெரும்பாலும் எளியது. காரணமான மருந்தை நிறுத்தினால் கொப்புளங்கள் சில நாளில் வற்றி, தோல் செதிள் செதிளாக உரிந்து, இரு வாரமளவில் தணியும். ஆனால் முதியோருக்கும் வேறு நோயுடையோருக்கும் உயிராபத்தும் நேரலாம். எனவே காய்ச்சலோடு கொப்புளம் கண்டால் வைத்தியசாலைக்கே செல்லவேண்டும். வாயும் கண்ணும் புண்ணாகித் தோல் கழன்று வருமாயின் அது இதனினும் கொடிய வேறொரு மருந்து நோயாயிருக்கக்கூடும். ஒரு பொழுதும் தாமதிக்கலாகாது.

செல்லும்போது அந்தப் பேணியையும் எடுத்துச் செல்லுங்கள். நோயாளி விழுங்கியது எது, எந்த நாளில் என்பதே வைத்தியர் கேட்கும் முதற் கேள்வி. நோய் தீர்ந்தபின் அம்மருந்தின் பெயரைக் கிளினிக் கொப்பியின் முன்னட்டையில் சிவப்பு மையினால் எழுதுவிக்க வேண்டும். வியாபாரப் பெயர் கடைக்குக் கடை மாறுமாதலால், மருந்தின் மூலப்பெயரையே எழுதவேண்டும். வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளையிருந்தால் அதையே இன்னுமொரு கொப்பியில் பிரதிசெய்து வைக்கட்டும். இடம்பெயர்வுகளில் தொலைந்த கொப்பிகள் எத்தனையென்பதை முள்ளிக்குளத்தாருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.