கொல்லை மஞ்சளும் கித்தாப் புகையும்

2021 ஜனவரி 11

நட்ட ஏழு முதல் ஒன்பது மாதங்களில் இலை பழுத்துத் தண்டு சாய்வதே மஞ்சள் முற்றியதன் அடையாளம் ஆகும். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறையில் இருந்த 2020 ஏப்ரலில், ஈப்போவுக்கு வடக்கே பழைய ரப்பர்த் தோட்டத்தை அழித்து எழுப்பிய ஒரு தாமான் குடியிருப்பின் கொல்லையில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பொழுதுபோகாமல் ஊன்றிய சமையலறைக் கிழங்கு இப்போது அந்நிலையை எட்டியுள்ளது. அவர் உண்பதற்காக நட்டாரே தவிர, பதப்படுத்துதல் பற்றி அப்போது எண்ணியிருக்கவில்லை.

ஜனவரி 12

மலேசியாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. நாளை முதல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லத் தடை. கிழங்கு தோண்டப்படவில்லை.

ஜனவரி 14

பொங்கல் பானையின் கழுத்தில் கட்டக் கடை மஞ்சள் கொத்து தேவைப்படவில்லை என்பது இவ்வாண்டின் ஒரே பெருமை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் தொலைபேசித் திரையில் பொங்கல் பொங்குவதைப் பார்த்தான். ஜொகூர் பாலம் கடந்து அவன் வீடு வந்து ஓராண்டு நெருங்குகிறது.

ஜனவரி 17

அறுவடை முடிந்தது. இலையையும் சல்லிவேரையும் கழித்து, நடுவிலுள்ள தாய்க்கிழங்கையும் அதிலிருந்து கிளைத்த விரல்களையும் தனித்தனியே பிரிப்பது முதல் வேலை. முன்னதைக் குண்டு மஞ்சள் என்றும் பின்னதை விரலி மஞ்சள் என்றும் அழைப்பர். இரண்டும் வேகும் நேரமும் காயும் நேரமும் வேறு என்பதால் இப்பிரிவினை தவிர்க்க இயலாதது. கழித்த இலைகளைப் பக்கத்து வீட்டு மலாய் மூதாட்டியான மக்சிக் கேட்டு வாங்கிச் சென்றார். பேராக் மலாய்க்காரர்களின் ரெண்டாங் தோக் என்னும் இறைச்சிக் கறியில் மஞ்சள் இலை சேர்ப்பதுண்டு. குப்பை என ஒதுக்கியதே முதலில் விலைபோயிற்று.

ஜனவரி 18

அவித்தல் என்பது பச்சைக் கிழங்கை நீரில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை, நுரை கட்டி மணத்துடன் வெள்ளாவி எழும் வரை வேகவைப்பதாகும். இதனால் கிழங்கின் மாவுப்பொருள் கூழாகி நிறம் சீராகப் பரவுகிறது, காயும் காலமும் குறைகிறது. குறைய வெந்தால் கிழங்கு நொறுங்கும், கூட வெந்தால் நிறம் கெடும். ஈர்க்குச்சி தடையின்றி இறங்கியதும் அடுப்பு அணைக்கப்பட்டது.

ஜனவரி 22

ஈப்போ உள்ள பேராக் மாநிலமும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்தது. மழை.

ஜனவரி 24

தமிழ்நாட்டின் வறண்ட வெயிலை மனத்தில் வைத்து எழுதப்பட்ட கையேடுகள், ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி இரவில் காற்றுப் புகும்படி மூடினால் பத்துப் பதினைந்து நாளில் காய்ந்துவிடும் என உறுதியளிக்கின்றன. பிற்பகல்தோறும் இடி இடிக்கும், ஈப்போ அமைந்த கிந்தா பள்ளத்தாக்கிலோ அக்கணக்கு செல்லுபடியாவதில்லை. இன்று காலை விரல்களின் கணுக்களில் சாம்பல் நிறப் பூசணம் தென்பட்டது. பூசணம் சிலவேளை கண்ணுக்குத் தெரியாத நஞ்சையும் உண்டாக்கும் என்பதால், துடைத்துவிட்டுப் பயன்படுத்தும் யோசனை எழுந்த வேகத்தில் கைவிடப்பட்டு, பூத்தவை எறியப்பட்டன. எஞ்சியவற்றை அடுப்புப் பெட்டியில் கடும் சூட்டில் ஒரே மாலையில் காயவைத்துவிடலாமே என்ற எண்ணம் இரவு முழுதும் தொடர்ந்தது. கடையில் ஒரு பொட்டலம் வாங்கினால் தீரும் காரியம்தான். ஆனால், வங்காளதேசத்தில் நிறம் கூட்ட மஞ்சளில் ஈயக் குரோமேட் சேர்க்கப்பட்டதை 2019-இல் வெளியான ஆய்வு உறுதிப்படுத்திய பின், பளிச்சென்ற பொட்டலத்தின் மீது நம்பிக்கை இல்லை.

ஜனவரி 25

வேலிக்கு அப்பால் வசிக்கும் முதியவர், இத்தாமான் தோட்டமாக இருந்த காலத்தில் அதன் புகைவீட்டில் வேலை பார்த்தவர். புகைவீடு என்பது, அமிலமிட்டு உறையவைத்து உருளையில் அழுத்திய ரப்பர்த் தகடுகளைக் கழிகளில் தொங்கவிட்டு விறகுப் புகையில் உலர்த்தும் கட்டடம். 1877-இல் கோலகங்சாரில் முதல் கித்தா (ரப்பர்) கன்றுகள் ஊன்றப்பட்டதிலிருந்து எழுதப்பட்ட பேராக் ரப்பர் வரலாற்றில், பால் மரம் சீவியவர்களுக்கு உள்ள இடம்கூடப் புகை போட்டவர்களுக்கு இல்லை. அடுப்புப் பெட்டியின் யோசனையைக் கேட்ட அவர் சிரித்தார். "டீச்சர், மொத நாளே சூட்டைக் கூட்டினா சீட்டு கொப்புளிச்சிடும். மேல காஞ்சி, உள்ள தண்ணி அப்படியே நிக்கும்" என்றார். ஈரத் தகட்டுக்கு முதலில் தாழ்ந்த வெப்பம் கொடுத்து, நாள் செல்லச்செல்ல 60 பாகை செல்சியஸ் அளவுக்கு உயர்த்துவதே அங்கு முறை. இயந்திரக் காற்றில் மஞ்சளை உலர்த்தவும் 60 பாகையைத் தாண்டலாகாது என மஞ்சள் கையேடு கூறுவது மாலையில் கண்ணில் பட்டது. பிறகு அவர் பேச்சு மஞ்சளை விட்டு, தோட்டம் விற்கப்பட்டபோது தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைக் காலிசெய்ய வைத்த ஆண்டுக்குத் திரும்பிவிட்டது. அதைக் கேட்பதிலேயே இருட்டிவிட்டது.

ஜனவரி 28

தைப்பூசம். ஈப்போவின் குனோங் சீரோ முருகன் கோயிலுக்குக் காவடி செல்லவில்லை. விரல்கள் அடுப்புப் பெட்டிக்குப் போகாமல் கம்பிவலைத் தட்டில், தாழ்வாரத்து மின்விசிறியின் கீழ். நண்பகல் வரை மட்டும் வெயில்.

பிப்ரவரி 3

மகன் அழைக்கவில்லை. மஞ்சள் பார்க்கப்படவில்லை.

பிப்ரவரி 9

நன்கு காய்ந்த விரலியை ஒடித்தால் உலோகம் தட்டியது போன்ற ஓசை எழ வேண்டும், இன்று எழுந்தது. பச்சைக் கிழங்கின் எடையில் கால் பங்குகூட மிஞ்சவில்லை. இப்பயிருக்கு அது வழக்கமான விளைச்சலே. சிங்கப்பூருக்கு ஒரு பொட்டலம் தனியே எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது, கொண்டுசெல்ல ஆளில்லை. குண்டு மஞ்சள், இரண்டாகப் பிளந்து போட்டும், இன்னும் வளைகிறது. வளையும் கிழங்கை எவரும் அரைத்து டப்பாவில் அடைக்க வேண்டாம், அது பூசணம் பூக்கும்.