மிளகு கொடுத்த மலை

எதிர்வீட்டுக்காரம்மா இத்தாலிக்குப் போய் வந்ததிலிருந்து எங்கள் தெருவில் ஒரே ரோமாபுரிப் பேச்சுதான். இடிந்த தூண்கள், கடற்கரை, கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கும் கைடு! கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார், "நமக்கெங்கே அதெல்லாம்" என்று பெருமூச்சு விட்டார். மாமா காலமாகி ஒன்றரை வருஷம். அதன் பிறகு அத்தை வாசற்படி தாண்டியதில்லை. அவருக்கே ஆசை வந்ததை விடலாமா? வட்டக்கானலில் இரண்டு நாளைக்கு அறை எடுத்துவிட்டோம்.

கொடைக்கானலிலிருந்து சுமார் 5 கி.மீ. தூரம். இஸ்ரேல் நாட்டு இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக வந்து தங்கியதால் 'குட்டி இஸ்ரேல்' என்றே பெயராகிவிட்டது. இங்கிருந்து டால்பின் மூக்குப் பாறைக்கு ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் வழியெல்லாம் மர வேரும் கல்லும். இறங்கும்போது விளையாட்டாக இருக்கும்; ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். மூட்டுவலி, இருதயக் கோளாறு உள்ளவர்கள் டீக்கடையோடு நின்றுவிடுவது உத்தமம். அத்தையும் அப்படியே நின்றுகொண்டார். நான் மட்டும் போனேன். பாறைக்குக் கீழே மேகம் அலையலையாக வந்து மோதியது. கடற்கரை இல்லாத குறை தீர்ந்தது!

மறுநாள் காலை ஜீப். வழிகாட்டி தாண்டிக்குடிக்காரர். "ரோமாபுரிதானேம்மா பாக்கணும்? அவங்களுக்கு மிளகு கொடுத்த மலையைக் காட்டுறேன், வாங்க" என்றார்.

பெருமாள்மலை, ஊத்து, பண்ணைக்காடு வழியாகப் பாதை வளைந்து வளைந்து போகிறது. வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். இரண்டு இட்லியும், வாயில் அடக்கிக்கொள்ள ஒரு துண்டு நார்த்தங்காயும் போதும். முருகன் பழனிக்குத் தாண்டிக் குதித்த இடம்தான் தாண்டிக்குடி என்பார்கள். சுற்றிலும் காப்பித் தோட்டம், மரமெல்லாம் மிளகுக்கொடி. மிளகுக்காக ரோமானியர்கள் பொன்னைக் கொட்டினார்கள். இந்தியாவுக்குப் பணம் போகிறதே என்று முதலாம் நூற்றாண்டிலேயே பிளினி புலம்பியிருக்கிறார். அடிவாரத்தில், பழனியை அடுத்த கலையமுத்தூரில் ரோமானியப் பொற்காசுகள் புதையலாகக் கிடைத்ததும் உண்டு.

தோட்டத்துக்குள் கொஞ்சம் நடந்தோம். தனியாகத் தேடி வந்தால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நாலு பக்கமும் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். இதுதான் கல்திட்டை, இறந்தவர்களுக்கு எழுப்பியது. 2000 வருஷத்துக்கும் முந்திய வழக்கம். இவற்றைப் பற்றி 1928இலேயே அங்லாட் பாதிரியார் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய நூலைத் தொல்லியல் துறை வெளியிட்டது. பின்னாளில் தாண்டிக்குடியில் அகழாய்வும் நடந்து, சூதுபவள மணிகள் கிடைத்தன.

பக்கத்தில் இன்னொன்று குப்புற விழுந்து கிடந்தது. "புதையல் இருக்கும்னு உடைச்சிட்டாங்க" என்ற வழிகாட்டி, சற்றுத் தயங்கி, "எங்க தாத்தா வீட்டு வாசப்படிகூட இந்தக் கல்லுதான். அப்போ தெரியலம்மா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மூடுகல்லின் மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள நினைத்திருந்தேன், சொல்லவில்லை.

அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போனார்.

"உள்ளே யாரு தம்பி?"

"யாரோ பெரியவங்கம்மா. பேரு தெரியாது."

"பேரு தெரியாட்டி என்ன? வச்சவங்க நல்லாத்தான் வச்சிருக்காங்க."

புல்தரையில் உட்கார்ந்தார். மாமா கல்யாணமான புதிதில் பழனிக்கு நடத்தியே அழைத்துப் போனது, வழியில் செருப்பு அறுந்தது, தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவர் வெறுங்காலோடு வந்தது... ஒன்றரை வருஷமாக மாமாவின் பேச்சை எடுக்காதவர், அரைமணி நேரம் பேசினார். ஜீப்புக்கு நேரமாகிவிட்டது என்று வழிகாட்டியும் அவசரப்படுத்தவில்லை.

திரும்பும்போது கடைத்தெருவில் அரைக்கிலோ மிளகு கேட்டோம். விலையைக் கேட்டதும் அத்தை கடைக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "ரோமாபுரிக்காரன் பொன்னா கொடுத்தான்னா நானும் கொடுக்கணுமாப்பா? குறைச்சுப் போடு!"