காலிஃப் தெருவில் ஒரு போலி பிரானா

ஞாயிற்றுக்கிழமை காலை. கொல்கத்தாவின் ஷியாம்பஜார் ஐந்துமுனைச் சந்திப்பைத் தாண்டி, பாக்பஜார் கால்வாய்ப் பக்கம் போனால் கூட்டம் நெரிகிறது. ஒரு காலத்தில் டிராம் வண்டிகள் வந்து திரும்பிய காலிஃப் தெரு இது. வாரத்தில் இந்த ஒரு நாள் ரோஜாச் செடிகள், நாய்க்குட்டிகள், முயல்கள், கூண்டுப் பறவைகள் எல்லாம் இங்கே விலைக்கு வருகின்றன. பிறகு மீன்கள்: அலுமினிய அண்டாக்களிலும் காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளிலும்.

என்னோடு வந்திருப்பவன் அக்கா மகன். வயது 13. போன வருடம் இதே தெருவில் இரண்டு 'பிரானா' குஞ்சுகள் வாங்கினான். ரூபாய் நாணயம் அளவில் இருந்தவை இப்போது உள்ளங்கையைவிடப் பெரிதாகி, இரண்டடித் தொட்டியில் திரும்ப இடமின்றிக் கண்ணாடியில் முட்டிக்கொள்கின்றன. வீட்டுக்கு அருகிலிருக்கும் ரவீந்திர சரோவர் ஏரியில் விட்டுவிடலாம் என்கிறாள் அக்கா. "பெரிய தொட்டி வாங்கலாம் மாமா" என்கிறான் இவன்.

ஒரு கடையில் இளைஞர் ஒருவர் கூவுகிறார்: "பிரானா! விரலை விட்டால் எலும்புதான் மிஞ்சும்!" சொல்லிக்கொண்டே அண்டாவுக்குள் கையை விட்டுக் குஞ்சுகளை அள்ளுகிறார்.

பக்கத்துக் கடைப் பெரியவர் சிரிக்கிறார். தன் தொட்டியிலிருந்து சற்றுப் பெரிய மீன் ஒன்றை எடுத்து வாயைத் திறந்து காட்டுகிறார். உள்ளே மனிதனின் கடைவாய்ப் பற்களைப் போன்ற சதுரப் பற்கள். அசல் பிரானாவுக்கு முக்கோணமான, கத்திமுனைப் பற்கள் ஒரே வரிசையில் இருக்கும். கீழ்த்தாடை முன்துருத்தி நிற்கும். சிவந்த வயிறு இரண்டுக்கும் பொது என்பதால், குஞ்சுப் பருவத்தில் ஏமாறுவது எளிது.

இது பாக்கு. பெயருக்கு ஏற்ப வேலையும் கொட்டை உடைப்பதுதான். அமேசான் வெள்ளக்காடுகளில் உதிரும் பழங்களும் விதைகளும் இதன் முக்கிய உணவு. இரண்டரை அடிக்கு மேலும் வளரக்கூடியது. வீட்டுத் தொட்டி எதுவும் இதற்குப் போதாது.

அசல் பிரானாவுக்கும் பெயரில் இருக்கும் பயங்கரம் வாழ்க்கையில் இல்லை. கூட்டமாகத் திரிவது வேட்டைக்கு என்பதைவிடத் தற்காப்புக்கே என்கின்றன ஆய்வுகள். வளர்ப்பவர்கள் நாலைந்து மீன்களுக்குக் குறைந்தது 400 லிட்டர் தண்ணீர், 24 முதல் 28 டிகிரி வெப்பம், மங்கிய வெளிச்சம், வலுவான வடிகட்டி எல்லாம் தர வேண்டும். வாரந்தோறும் கால்பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். மீன் துண்டும் இறாலும் போதும். மிஞ்சியதை உடனே எடுத்துவிட வேண்டும். பசித்த மீன் இருக்கும் தொட்டியில் கை வைக்கக் கூடாது.

"ஏரியில் மட்டும் விடாதீர்கள்" என்கிறார் பெரியவர். "கொண்டு வாருங்கள். எனக்குத் தெரிந்த பண்ணைக் குளம் இருக்கிறது."

அவர் பயம் நியாயமானது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் மீனவர் வலையில் பாக்கு சிக்கியது. அந்நிய மீன் ஒன்று ஆற்றில் நிலைத்துவிட்டால், உள்ளூர் மீன்களின் இரைக்கும் இடத்துக்கும் போட்டி வரும். திரும்பப் பிடித்து முடிக்க யாராலும் ஆகாது.

திரும்பும் வழியில் லேக் மார்க்கெட். மீன் கடையில் ஐஸ் மேல் வரிசையாகக் கிடக்கின்றன, அதே சிவந்த வயிறுகள். "ரூப்சந்தா, நல்ல ரூப்சந்தா" என்கிறார் கடைக்காரர். வங்காளதேசத்தில் வாவல் மீனுக்கு உரிய பெயர் இது. வளர்ப்புப் பாக்குவுக்கும் ஒட்டிக்கொண்டது. காலையில் அரக்கன், மதியம் வறுவல்.

பையன் அரிவாள்மணையையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். "பண்ணைக் குளத்துக்குப் போனாலும் கடைசியில் இங்கேதானே வரும், மாமா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "வரலாம்" என்கிறேன். வீடு சேரும்வரை அவன் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு, மூடி போட்ட அண்டாவை மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் வந்தான். பெரியவரின் தொட்டிக்குள் இரண்டையும் அவனே விட்டான். பக்கத்துக் கடையில் ஒரு சிறுமி, பிளாஸ்டிக் பைக்குள் இருக்கும் 'பிரானா'வைக் கண் விரியப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் போய் வங்காளியில் சொன்னான்: "இது ரூப்சந்தா. உன் வீட்டுத் தொட்டி பத்தாது."