மூணு பேர் எழுதின ஒரு லெட்டர்



வழக்கமாக இந்தப் பக்கத்தில் அன்னதானக் கணக்கு, பூஜை நேரம், யார் உபயம், இதைத்தான் போடுவோம். இன்னைக்குக் கொஞ்சம் வேற விஷயம். நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க. டைப் பண்றது ஒரு ஆள்தான். சொல்றது நாங்க மூணு பேரும், அதாவது ஆலயத்துச் சமையல்கட்டில் நீங்கள் பார்க்கிற அண்டா கழுவும் கோஷ்டி. யாரைப் பற்றி எழுதியிருக்கோமோ அவங்களிடம் முதலில் படித்துக் காட்டிவிட்டோம். ரெண்டு இடத்தில் எடுக்கச் சொன்னாங்க, எடுத்துட்டோம். பேர் போடவில்லை. தெரிஞ்சவங்களும் போடாதீங்க.

1986-ஆம் வருஷம். நாங்கள் படிவம் மூன்று. தமிழ்ப்பள்ளியிலிருந்து போனவர்கள் புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் கூடுதலாக உட்காரணும் என்பதால் எங்களுக்கு வயசு பதினாறு. அந்த வருஷக் கடைசியில் எஸ்.ஆர்.பி. சோதனை. பாஸ் ஆனால் படிவம் நாலு, இல்லையென்றால் அப்பாவோடு மலைக்காட்டு வேலை. நோர்த் ஹம்மோக் தோட்டம் செத்தியா ஆலாம் ஆன மாதிரி, புக்கிட் ராஜா தோட்டம் பண்டார் புக்கிட் ராஜா ஆன மாதிரி, எங்கள் தோட்டமும் இன்றைக்கு வீடமைப்புப் பகுதி. லயம் இருந்த இடத்தை இப்போ தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

அதே லயத்தில் அந்தப் பெண். ஒரே பஸ், ஒரே வகுப்பு. எங்கள் மூணு பேருக்கும் அவங்களைப் பிடிக்கும். அது எப்படி மூணு பேருக்கும் என்று கேட்காதீங்க, அந்த வயசு அப்படி. சண்டை வரவில்லை, ஏனென்றால் மூணு பேருக்குமே பேசத் தைரியம் கிடையாது. அதனால் கூட்டா ஒரு லெட்டர் எழுதினோம். ஒருத்தன் படத்தில் கேட்ட வசனத்தை எல்லாம் சேர்த்துச் சொன்னான். கையெழுத்து அழகா இருக்கிறவன் எழுதினான். மூணாவது ஆள், அவங்களிடம் இரவல் வாங்கியிருந்த காமுஸ் உள்ளே வைத்துத் திருப்பிக் கொடுத்தான். கீழே யார் பேரும் போடவில்லை. யார் பேரைப் போடுவது என்று முடிவாகவில்லை என்பது ஒன்று, பயம் இன்னொன்று.

காமுஸைத் திறந்தது அவங்க அப்பா.

மறுநாள் பஸ்ஸில் அவங்க இல்லை. அடுத்த வாரமும் இல்லை. சோதனைக்கு மூணு மாசம் இருந்தது. அப்புறம் ஒரு நாள் காலையில், பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நாங்கள் நிற்கும்போது, புல்லு வெட்டுற கூட்டத்தோடு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டிராக்டரில் போறதைப் பார்த்தோம். நாங்க கீழே குனிந்துகொண்டோம். அவ்வளவுதான். எஸ்.ஆர்.பி. பாஸ் ஆனோம், எஸ்.பி.எம். எழுதினோம். அவங்களைக் காப்பார் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டோம். எங்களுக்கும் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் ஆனது. அந்த லெட்டரைப் பற்றி நாங்கள் எங்களுக்குள்ளேயே முப்பது வருஷத்துக்கு மேல் பேசவில்லை.

இப்போது தொழிற்சாலைக்கு வருவோம். மேருவில் கையுறை கம்பெனிகள் எத்தனை என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2020 வாக்கில் உலகத்துக்கு வேண்டிய ரப்பர் கையுறையில் பாதிக்கு மேல் மலேசியாவிலிருந்துதான் போனது. எங்க அம்மாமார் விடியக்காலையில் பால் மரம் வெட்டினார்கள், நாங்க அந்தப் பால் கையுறையாகிற இடத்தில் வேலைக்குப் போனோம். (இப்போ பாதிக்கு மேல் நைட்ரைல், மரத்துப் பால் இல்லை, அது வேற கதை.) எங்களில் ஒருத்தர் அங்கே சூப்பர்வைசர், ஒருத்தர் ஃபோர்க்லிப்ட், ஒருத்தர் வெளியே லோரி ஓட்டுகிறார். ஆனால் கீழே வரப்போகிற தப்பை மூணு பேர் கணக்கிலேயே எழுதிக்குங்க, லெட்டர் மாதிரி.

2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. நவம்பரில் தெராத்தாய் கிளஸ்டர் என்று மேரு பேர் தினமும் செய்தியில். அந்நியத் தொழிலாளர்களைப் புதுசா எடுக்க முடியாத நேரம், கையுறைக்கோ உலகம் முழுக்க ஆர்டர். அதனால் 2021-ல் உள்ளூர் ஆட்களை, ஐம்பது வயசு ஆனவர்களைக்கூட வேலைக்கு எடுத்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை புதுசா பதினோரு பேர். எல்லாரும் முகக்கவரி, தலையில் வலை, கண்ணு மட்டும்தான் தெரியும். யாரையும் அடையாளம் தெரியாது. பேர் பட்டியல் வாசித்தோம். நம்ம ஐ.சி.யில்தான் அப்பா பேரும் சேர்ந்து வருமே. அவங்க பேரைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை, அந்தப் பேரில் எத்தனையோ பேர். பின்னால் இருந்த அப்பா பேரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

ஃபைலில் படிப்பு என்ற இடத்தில் “படிவம் 3, சோதனை எழுதவில்லை” என்று இருந்தது.

“வந்திருக்கேண்ணே” என்றாங்க. முதல் நாளே எல்லார் முன்னாலேயும் அண்ணே. அதோடு அந்தப் பழைய கதை முடிந்தது என்று அவங்க சொல்லாமல் சொல்லிட்டாங்க. நாங்களும் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தோம். ஒரே வயசுதான், ஆனாலும் அக்கா.

96 படம் பார்த்திருப்பீங்க. 2018-ல் வந்தது. விஜய் சேதுபதியும் திரிஷாவும் ஒரு ராத்திரி பேசிக்கொண்டே நடப்பார்கள், விடிந்தால் அந்தம்மா சிங்கப்பூருக்கு விமானம் ஏறிடுவாங்க. படத்தில் அது சுலபம். எங்களுக்கு விமானம் எல்லாம் இல்லை. தினமும் காலை ஏழு மணிக்குப் பேர் கூப்பிடணும், ஓ.டி. பட்டியல் போடணும், எம்.சி. சீட்டு வாங்கணும், ரிஜெக்ட் கூடினால் ஏன் என்று கேட்கணும்.

தண்ணீர் சோதனைப் பகுதியில் போட்டோம். கையுறையில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு ரெண்டு நிமிஷம் பார்க்கணும், ஊசி முனை ஓட்டை இருந்தாலும் ஒரு முத்து வெளியே வரும். சின்னப் பிள்ளைகள் அந்த ரெண்டு நிமிஷத்தில் போனைப் பார்ப்பார்கள். இவங்க கண்ணை எடுக்கமாட்டாங்க. ஆறே மாசத்தில் அந்தப் பகுதியில் அவங்கதான் நம்பர் ஒன்.

தப்பு எங்கே நடந்தது என்றால், அவங்க வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். வாரத்தில் மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். பகலில் கூட்டிப்போக மருமகள் இருக்கா, ராத்திரிதான் அவருக்குத் தலை சுற்றல், கால் இழுத்துக்கொள்வது எல்லாம். அதனால் நைட் ஷிப்ட் வேண்டாம், நிரந்தரமா காலை ஷிப்ட் கொடுங்க என்று கேட்டாங்க. இதே மாதிரி சின்னப் பிள்ளை வைத்திருக்கிற ரெண்டு பேருக்கு நாங்கள் அஞ்சு நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கோம்.

இவங்களுக்கு, “எல்லாருக்கும் ஒரே ரூல்தான் அக்கா” என்றோம்.

சரி என்று போயிட்டாங்க. எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. கேட்டாங்க, ரெட்டைச் சம்பளம், அதையும் அடுத்தவருக்கே கொடுத்தோம். கேண்டீனில் சோத்தோ வாங்க வரிசையில் அவங்க நின்றால் நாங்கள் வேற பக்கம் போவோம். ஊர் பேசுமோ என்று பயம். ஒரே தோட்டத்துக்காரங்க, பழசு தெரிந்தவர்கள் ரெண்டு மூணு பேர் அங்கேயே வேலை செய்கிறார்கள். சலுகை காட்டுறான் என்று யாரும் சொல்லிடக் கூடாது. நியாயமா இருக்கிறோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். எட்டு மாசம் அப்படிப் போனது.

அந்த வருஷம் புரட்டாசி முடிந்து ஐப்பசியில் நம்ம ஆலயத்தில் சஷ்டி அன்னதானத்துக்குக் காய் வெட்ட ஆள் தேடினோம் இல்லையா, அப்போ அவங்களும் வந்தாங்க. யார் கூப்பிட்டது என்று தெரியாது, நாங்கள் இல்லை. சூப்பர்வைசர் வீட்டம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்தாங்க. ரெண்டு பேரும் நாற்பது கிலோ வெங்காயம் உரித்தார்கள். பேச்சு வாக்கில், “உங்க வீட்டுக்காரர் நல்லவருதான்க்கா, எல்லாரும் சொல்றாங்க. என் மேல மட்டும் என்ன கோபம்னு தெரியலை” என்று சொல்லியிருக்காங்க. குறையா இல்லை, சும்மா.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை. லெட்டர் கதை வீட்டம்மாவுக்குக் கல்யாணமான புதுசிலேயே தெரியும், சிரிச்சிருக்காங்க. அன்னைக்குச் சிரிக்கவில்லை.

“நீங்க எனக்குப் பயந்து செஞ்சிருந்தாகூடப் பரவாயில்லை. ஊர் வாய்க்குப் பயந்து ஒரு நோயாளி வீட்டுல கை வச்சிருக்கீங்க. சின்ன வயசுல ஒரு தடவை அந்தப் பொம்பளைக்குச் செஞ்சது பத்தாதா?”

இதுக்கு என்ன பதில் சொல்வது. சாப்பிடாமல் படுத்தோம்.

திங்கட்கிழமை டயாலிசிஸ் சென்டர் கடிதத்தை வாங்கிக்கொண்டு மேனேஜரிடம் போனோம். அவர் சீனர், படித்துவிட்டு, இதுக்கு ஏன் என்கிட்ட வரணும், நீயே போடலாமே என்று கேட்டார். அன்றைக்கே காலை ஷிப்ட் ஆனது. எட்டு மாசத்தில் நாங்கள் போட மறந்த கையெழுத்து.

அடுத்த சனிக்கிழமை அவங்க மறுபடி வந்தாங்க. சமையல் முடிந்து அண்டா கழுவும்போது நாங்கள் மூணு பேரும் போய் நின்றோம். வயசு ஐம்பதைத் தாண்டி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கை வரை சோப்பு நுரையோடு. யார் ஆரம்பிப்பது என்று அப்பவும் தெரியவில்லை. ஒருத்தர் “அக்கா, அந்த லெட்டர்…” என்றார்.

அவங்க சிரிச்சாங்க. “மூணு பேரும் சேர்ந்துதானே எழுதினீங்க? கையெழுத்து எனக்குத் தெரியும். வகுப்பு கரும்பலகையில தினம் தேதி எழுதுற கையெழுத்து.”

அப்பா கேட்டாரா என்றோம்.

“கேட்டாரு. பெல்ட்டைக் கழட்டிக்கிட்டுத்தான் கேட்டாரு. சொல்லலை.”

நாங்க ஒன்றும் பேசவில்லை. அவங்களே சொன்னாங்க: “உங்களால நின்னேன்னு நினைக்காதீங்க. அம்மாவுக்கு அப்பவே முடியலை, கீழே மூணு பிள்ளைங்க. அப்பா எப்படியும் நிறுத்தத்தான் இருந்தாரு. லெட்டர் அவருக்கு ஒரு சாக்கு.” கொஞ்சம் நேரம் கழித்து, “அடி மட்டும் லெட்டருக்கு” என்றாங்க.

அது உண்மையா, எங்களுக்காகச் சொன்னதா என்று இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குள் விவாதம். எங்களில் லோரிக்காரர், உண்மைதான், அந்தக் காலத்தில் மூத்த பெண்ணை நிறுத்துவது எல்லா லயத்திலேயும் நடந்தது என்கிறார். ஃபோர்க்லிப்ட்காரர் நம்பவில்லை.

ஆனால் அவங்க இன்னொன்றும் சொன்னாங்க, அதில் விவாதம் இல்லை. “டிராக்டர்ல போறப்ப உங்களைப் பார்த்தேன். குனிஞ்சுக்கிட்டீங்க. இங்க கேண்டீன்ல வரிசையை விட்டுப் போறப்பவும் அதேதான் ஞாபகம் வந்துச்சு.”

அப்புறம், “தண்ணிய மாத்துங்கண்ணே, சோப்பு இன்னும் போகலை” என்றாங்க. மாற்றினோம்.

இப்போ கேண்டீனில் ஒரே மேசைதான். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். பேசுவதெல்லாம் சர்க்கரை அளவும், பேரப்பிள்ளை கணக்குப் பாடமும், ஓ.டி.யும்தான்.

எடுக்கச் சொன்ன ரெண்டு இடம் எது என்று கேட்காதீங்க. சேர்க்கச் சொன்னது ஒன்று இருக்கு, அதையும் போட்டுடுறோம்: வரும் சனிக்கிழமை மாலை 6 மணிக்குக் காய் வெட்ட ஆள் வேணும், ஆண்களும் உட்காரலாம். கத்தி நீங்களே கொண்டு வாங்க. போன வாரம் வந்ததெல்லாம் மொட்டைக் கத்தி என்று அக்கா சொல்லச் சொன்னாங்க.