குர்லாவில் ஒரு கீரைப் பாத்தி

மாதுங்காவில் மின்சார இரயிலேறினால் அடுத்தது சயான், அதற்கடுத்தது குர்லா. சில நிமிடப் பயணந்தான். ஆயினும் நம்மவருள் பலர் குர்லாவை ஓர் ஊராக எண்ணுவதில்லை. செம்பூர் செல்ல வண்டி மாறும் இடமாகவே எண்ணுகின்றனர். தமிழகத்திலிருந்து வரும் நெடுந்தொலைவு வண்டிகள் சில லோகமான்ய திலகர் முனையத்தில் வந்து நிற்பதால், பெட்டியும் படுக்கையுமாக இறங்குவோருக்கு மும்பையின் முதற்காட்சியும் குர்லாவே. இறங்கியவர்கள் தாராவிக்கோ செம்பூருக்கோ விரைந்துவிடுகிறார்கள். நாமும் நெடுநாள் அவ்வாறே விரைந்தவர்கள்தாம். சென்ற ஆண்டு மழைத் தொடக்கத்தில் ஒரு கீரைப் பாத்தியை முன்னிட்டு அங்கே பலமுறை செல்ல நேர்ந்தது. அவ்வரலாற்றை வாசக அன்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

குர்லா பழைய ஊர். 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணேக்கு ஓடிய இந்தியாவின் முதற் பயணி வண்டி இவ்வூர் வழியேதான் சென்றது. 1886இல் ஜாம்ஷெட்ஜி டாட்டா இங்கிருந்த பழைய ஆலையொன்றை வாங்கிச் ‘சுதேசி’ எனப் பெயர் சூட்டினார். பிற்காலத்தில் மும்பைத் தெருவெங்கும் வாடகை வண்டியாக ஓடிய பிரீமியர் பத்மினிக் கார்கள் பிறந்த தொழிற்சாலையும் இங்கேதான் இருந்தது. ஆலைச் சங்கும் ஓய்ந்தது. கார்த் தொழிற்சாலையும் மறைந்தது. ஆனால் அவற்றை நம்பி வந்த குடும்பங்கள் போய்விடவில்லை. ‘சால்’ எனப்படும் வரிசை வீடுகளில், ஓரறைக்கு ஒரு குடும்பமாக, மூன்றாம் தலைமுறை அங்கே வளர்ந்து வருகிறது.

நாம் சென்ற சால் மித்தி ஆற்றுக்கு அணித்தானது. 2005ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, அந்த ஆறு பெருகிக் கரையோர வீடுகளுள் புகுந்ததை அங்குள்ளோர் இன்றும் அச்சத்துடன் நினைவுகூர்கின்றனர். அப்பகுதியில் தரை உண்டு; மண் இல்லை. தோண்டினால் செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும் நெகிழித் தாளுமே வரும். ஆகவே சாலின் பின்புறத்தில் ஒரு கீரைப் பாத்தி போட வேண்டுமென்று நம் சங்கத்து இளைஞர்கள் விரும்பியபோது, மண்ணை வெளியிலிருந்தே கொணர வேண்டியிருந்தது.

செம்பூரில் ஒரு குடியிருப்பில் பழைய பூந்தொட்டிகளை உடைத்து, அவற்றின் மண்ணைச் சாக்குகளில் கட்டித் தெருவோரம் கொட்டியிருந்தனர். வேண்டாமென எறிந்த மண். கேட்டபோது மகிழ்ந்து கொடுத்தனர். கைவண்டியில் பன்னிரண்டு சாக்கு வந்து சேர்ந்தது. பரப்பி, முளைக்கீரையும் வெந்தயமும் தூவினோம். நாள்தோறும் நீர் ஊற்றும் பொறுப்பைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பிள்ளை ஏற்றுக்கொண்டான். அவன் தந்தை சுமை தூக்கிப் பிழைப்பவர். நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்.

ஜூன் மழை பிடித்துக்கொண்டது. பத்தே நாளில் பாத்தி பசுமை கொண்டது. கீரைக்கிடையே நாம் விதைக்காத செடிகளும் ஏழெட்டு நிமிர்ந்து நின்றன. விரல் விரித்தாற்போன்ற இலை. விளிம்பெல்லாம் வாளின் பற்கள்.

பிள்ளையின் பாட்டி குனிந்து பார்த்தார். “ஐயா, இது நம்ம புளிச்சக்கீரை இல்லே? ஊர்லே பார்த்தது. கடையலாம்” என்றார். பக்கத்து வீட்டு மராத்தி அம்மையாரும் ‘அம்பாடி’ என்று தலையசைத்தார். ஆச்சி கொழுந்தைக் கிள்ளக் கை நீட்டினார்.

நல்வினையாக, நம்முடன் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். “ஆச்சி, கொஞ்சம் பொறுங்கள்” என்று தடுத்தார். இலையொன்றைக் கசக்கி முகர்ந்தார், முகம் மாறியது. “இது கஞ்சா” என்றார், தணிந்த குரலில்.

ஆச்சியின் பிழை அறியாமையன்று. புளிச்சையின் ஓரினத்துக்கு அறிவியலார் ‘ஹிபிஸ்கஸ் கன்னாபினஸ்’ என்று பெயரிட்டதே, அதன் இலை கஞ்சா இலையை ஒத்திருப்பதால்தான். ஆசிரியர் வேறுபாட்டை விளக்கினார். புளிச்சையின் இலை ஒரே இலை, ஆழமாகப் பிளவுபட்டது. கஞ்சாவிலோ தனித்தனிச் சிற்றிலைகள் காம்பின் நுனியில் ஒன்றுகூடி விரிகின்றன. புளிச்சையில் இலைகள் தண்டின் மீது மாறி மாறி அமையும். கஞ்சாவில் அடிப்பகுதி இலைகள் எதிரெதிராக அமையும். புளிச்சை நாவிற் புளிக்கும். நடுவே கருஞ்சிவப்புடைய பெரிய மஞ்சட் பூப் பூக்கும். கஞ்சாவின் பூவோ பசுமையான சிறு மணிபோன்றது. இதழ் விரித்து நிற்பதில்லை.

இது எவ்வாறு வந்தது? கஞ்சா புகைப்போர் அதிலுள்ள விதைகளைப் பொறுக்கி எறிவதுண்டு. பறவைத் தீனியிலும் இவ்விதை கலந்து வருவதுண்டு. எவர் வீட்டு மாடியிலோ எந்நாளிலோ விழுந்த விதை, உலர்ந்த தொட்டி மண்ணில் உறங்கிக் கிடந்து, மழை பட்டதும் விழித்திருக்கலாம். இது புதுமையன்று. ஆங்கில அரசு 1893, 94ஆம் ஆண்டுகளில் அமைத்த இந்தியச் சணல் மருந்துக் குழு நாடு முழுதும் சுற்றி, ஏழு தொகுதி அறிக்கை தந்தது. இமயமலைச் சாரலில் இச்செடி தானே காடாக வளர்வதையும், பிற இடங்களில் சிதறிய விதை தானே முளைப்பதையும் அக்குழு வேறுபடுத்திப் பார்த்தது.

அறிவியல் விளங்கிற்று, அச்சம் விலகவில்லை. மாலைக்குள் செய்தி சால் முழுதும் பரவியது. “நாள்தோறும் தண்ணீர் ஊற்றியவன் அந்தப் பையன்தானே?” என்று ஒருவர் கேட்டார். மறுநாள் அக்கேள்வி, “பையன்தான் வளர்த்தானாம்” என்று செய்தியாகவே மாறிவிட்டது. ஏழை வீட்டுப் பிள்ளைமீது பழி சுமத்த எத்தனை குறைந்த காலம் போதுமென்பதை அன்று கண்டோம்.

இரவில் தந்தை நம்மிடம் வந்தார். “அண்ணாச்சி, எல்லாத்தையும் பிடுங்கி ஆத்துலே எறிஞ்சிடுறேன். கண்ணுக்குத் தெரியாமப் போயிரட்டும்” என்றார். அவர் குரல் நடுங்கியது. நமக்கும் முதலில் அதுவே எளிய வழியாகத் தோன்றியது. ஆனால் நம் சங்கத்து வழக்கறிஞர் உடன்படவில்லை. அவர் சொன்னவற்றை நம் குடும்பங்கள் யாவும் அறிந்திருத்தல் நன்று.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சாச் செடி பயிரிடுவது குற்றம். பத்தாண்டு வரை கடுங்காவலும் ஓரிலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். தம் நிலத்தில் சட்டத்துக்கு மாறாகப் பயிரிடப்பட்ட செடியைப் பற்றி நிலமுடையோர் உடனே தெரிவிக்க வேண்டுமென்றும், அறிந்தே தெரிவிக்கத் தவறினால் தண்டனை உண்டென்றும் அச்சட்டத்தின் 46ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் முளைத்தல் வேறு, பயிரிடுதல் வேறு. உத்தரப் பிரதேசத்துக்காரர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004ஆம் ஆண்டு இதனைத் தெளிவாக்கியது. ஒருவர் நிலத்தில் சில செடிகள் காணப்பட்டன என்பது மட்டும் போதாது. அவரே பயிரிட்டார் என்று மெய்ப்பிக்க வேண்டும். மண்ணில் புதைந்த விதை இயற்கையாக முளைத்தால் அது பயிரிடுதல் ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

“இரவில் பிடுங்கி எறிவதை எவரேனும் பார்த்தால், குற்றமில்லாதவன் ஏன் ஒளித்தான் என்ற கேள்வி எழும். பகலில் நாமே போய்ச் சொல்வோம்” என்றார் வழக்கறிஞர்.

தந்தை நெடுநேரம் பேசாதிருந்தார். பிள்ளைதான் வாய்திறந்தான். “நானும் வாரேம்பா. தண்ணி ஊத்தினது நான்தானே” என்றான்.

மறுநாட் காலை ஐவராகக் காவல் நிலையம் சென்றோம். ஓர் அதிகாரி இரு காவலருடன் வந்தார். பாத்தியைச் சுற்றி நடந்து, “தண்ணீர் ஊற்றியது யார்?” என்று இந்தியில் வினவினார். பிள்ளை முன்வந்தான். கூடியிருந்தோர் மூச்சடக்கி நின்றனர். ஆசிரியர் செடிகளைச் சுட்டினார்: வரிசை இல்லை, இடைவெளி இல்லை, கீரைக்குள் கண்டபடி சிதறி நிற்கின்றன, நட்டவன் இவ்வாறு நடுவானா? பாத்தியில் கொட்டாது மிச்சம் வைத்திருந்த இரு சாக்குகளையும் காட்டினோம். ஒன்றன் வாயைப் பிரித்ததும், மழை நனைத்த மேல் மண்ணில் அதே செடியின் இளமுளை ஒன்று வெளிறி நின்றது! எவர் கையும் படாத சாக்கு அது. அதிகாரி அதனை உற்று நோக்கினார். பிறகு பிள்ளையைப் பார்த்துத் தலையசைத்தார். பஞ்சநாமா எழுதப்பட்டது, சாட்சிகள் கையொப்பமிட்டனர், செடிகளை வேரோடு பிடுங்கி எடுத்துச் சென்றனர். பிள்ளைமீது வழக்கு எதுவும் வரவில்லை.

வழக்கினும் கடியது ஊர்வாய். அதனை மூட அந்த வெறுஞ்சாக்கின் முளையே பெரிதும் உதவிற்று. முதல் நாள் கேள்வி கேட்டவரே மறுவாரம் பிள்ளைக்கு ஒரு நீர்க்குடம் தூக்கி உதவியதைக் கண்டோம். வருத்தம் தெரிவிக்கும் வழிகளில் அதுவும் ஒன்று போலும்.

வாசக அன்பர்களே! பால்கனியிலோ சாலின் பின்புறத்திலோ செடி வளர்க்கும் பழக்கம் நம் குடும்பங்களில் பெருகி வருகிறது, பெருகட்டும். ஆனால் பிறர் எறிந்த மண்ணைக் கொணர்ந்தால் எங்கிருந்து, என்று வந்ததெனக் குறித்து வையுங்கள். விதைக்காதது முளைத்தால் அறிந்தவரிடம் காட்டாமல் அடுப்பில் ஏற்றாதீர்கள். அது கஞ்சாவெனத் தெரிந்தால் இருளில் ஒளிக்காமல், சாட்சிகளோடு பகலில் போய்த் தெரிவியுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, நீர் ஊற்றிய கையைக் குற்றவாளியின் கையென்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள்.

கடைசியாக நாம் குர்லா சென்றபோது ஆவணி பிறந்திருந்தது. பாத்தியில் முளைக்கீரை மூன்றாம் முறை துளிர்த்திருந்தது. ஆச்சி ஒரு கட்டுக் கீரையைத் தாளில் சுற்றிக் கொடுத்து, “இது நாம போட்டதுதான், ஐயா. நல்லாப் பார்த்துட்டேன்” என்றார். சுவரோரம் புதிய மண்சாக்குகள் நான்கு சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றின் மீதும் வந்த இடமும் நாளும் கரிக்கட்டியால் எழுதப்பட்டிருந்தன, பிள்ளையின் கையெழுத்து.