மயிலிட்டிக் கரைக்கு ஒரு நாள்

வைகாசி வெயில் யாழ்ப்பாண நகரத்தை வாட்டும்போது, பிள்ளைகளுடன் வடக்கே புறப்படுங்கள். ஏறத்தாழ 20 கிலோமீற்றர்தான். முதலில் கீரிமலை. அலை எட்டித் தொடும் தூரத்தில் நன்னீர்க் கேணி! சுண்ணாம்புப் பாறையூடே ஊறிய மழைநீரே அங்கு சுரக்கின்றது. ஆசைதீர நீராடியபின், காங்கேசன்துறைக்குக் கிழக்கேயுள்ள மயிலிட்டிக்குச் செல்லுங்கள். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் காலமாதலால், தரையின் மறைவில் இவ்வடகடல் குளம்போல் அடங்கிக் கிடக்கும்.

1990இல் ஊரார் இடம்பெயர்ந்தனர். துறைமுகம் அவர்களுக்கு மீண்டது 2017இல். கரையில் நிற்கும் முதியவர் எவரையேனும் வழி கேட்டுப் பாருங்கள். வழியோடு, தம் வீடிருந்த வளவையும் சேர்த்தே காட்டுவார். நுங்குக்கு அவசரப்படும் பிள்ளைகள் சற்றுப் பொறுக்கட்டும்.