துண்டுக்கு அடியில்

“எடுத்துரலாமாப்பா?” என்று மகள் கேட்டாள். அவள் கேட்டது போனைப் பற்றி. என் மனசு அந்த வினைச்சொல்லின் பின்னால் போய்விட்டது.

காய்கறி வாங்குகிறோம், காடு வாங்குகிறோம், கடன் வாங்குகிறோம். வாத்தியாரிடம் அடிகூட வாங்கியிருக்கிறோம். ஆனால் துணி எடுக்கிறோம். நகை எடுக்கிறோம். வண்டி எடுக்கிறோம். மாடு என்றால் பிடிக்கிறோம். செல்போன் வந்த புதிதில் வாங்குகிற சாமானாகத்தான் இருந்தது. இப்போது பார்த்தால் சத்தமில்லாமல் ஜவுளிக்கடைப் பக்கம் நகர்ந்து, எடுக்கிற சாமானாகிவிட்டிருக்கிறது. எடுப்பதென்றால் முன்னால் ஒரு குவியல் வேண்டும். புரட்டிப் பார்க்க வேண்டும். தீபாவளிக்குத் தீபாவளி புதுசு வரவும் வேண்டும்.

ஆப்பிள்காரர்களுக்குத் தீபாவளி செப்டம்பரிலேயே வந்துவிடும். 2025-இல் 9-ஆம் தேதி ஐபோன் 17-ஐக் காட்டினார்கள், 19-ஆம் தேதி கடைக்கு வந்துவிட்டது. 256 ஜிபி உள்ளது 82,900 ரூபாய். அதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும் பன்னிரண்டாயிரத்து அறுநூறுக்கு மேல். முந்தின நாள்வரை 79,900-க்கு நின்றுகொண்டிருந்த ஐபோன் 16, விடிந்ததும் 69,900. ஒரு கீறல் விழவில்லை, ஒரு தடவை கீழே போடவில்லை, பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. ஒரே ராத்திரியில் பத்தாயிரம் ரூபாய்க்குக் கிழடு தட்டிவிட்டது.

என் கையில் இருப்பது நாலு வருஷத்துப் போன். எந்தக் கம்பெனி என்பது எதற்கு, போனவர்களைப் பற்றிக் குறை பேசக்கூடாது. காலையில் நூறு காட்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் முப்பதுக்கு வந்து, சாயங்காலம் சார்ஜரைத் தேடி நாக்கைத் தொங்கப் போடும். செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தால் பேட்டரியின் ஆரோக்கியம் 79 சதவீதம்.

“சும்மா போய்ப் பார்த்துட்டு வரலாம், வாங்க” என்றாள் மகள். சும்மா பார்த்துவிட்டு வருவது என்றால் என்ன என்று கல்யாணமான எந்த ஆணுக்கும் தெரியும். போனேன்.

கடையில் போன்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு ஒயரை ஒட்டி மேசையோடு கட்டியிருந்தார்கள். கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன். கீங்கீங் என்று கத்தியது. முளைக்குச்சியில் கட்டின மாடு மாதிரி என்று தோன்றியதுதான் தாமதம், அந்த ஏ.சி. கடைக்குள் எனக்குச் சாண வாசம் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

என் அம்மாவின் அப்பா, எங்கள் பக்கத்து வழக்கில் அப்புச்சி, ஒரு சித்திரை மாதம் என்னைக் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குக் கூட்டிப்போனார். எனக்கு ஒன்பது வயசு. மாரியம்மன் கோயில் தேரையொட்டிக் கூடுகிற சந்தை. காங்கேயம் மாடுகளுக்கு அதுதான் பெரிய இடம். வெயிலும் புழுதியும் கரும்புச்சாறும், கண்ணுக்கு எட்டிய மட்டும் கொம்புகளும். ஐபோன் 17 லேவண்டர், சேஜ், மிஸ்ட் ப்ளூ என்றெல்லாம் நிறங்களில் வருகிறதாம். அங்கே மயிலை, காரி, செவலை. காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பாக இருக்கும். ஆறு மாதம் போல ஆகும்போது தானாக நிறம் மாறும். நம் போனுக்கு நிறம் மாற நாம்தான் கவர் வாங்கி மாட்ட வேண்டும்.

அப்புச்சி மாடு பார்த்தது ரிவ்யூ என்றால் ரிவ்யூ. முதலில் கிட்டேயே போகமாட்டார். தூரத்தில் நின்று, அது எப்படி நிற்கிறது என்று பார்ப்பார். பிறகு சுற்றி வருவார். திமிலைத் தட்டுவார். குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். கட்டை விரலால் கீழுதட்டை மடக்கிப் பல்லை எண்ணுவார். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது, கணக்கெல்லாம் கீழேதான். ரெண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று வயசு அங்கே எழுதியிருக்கும். விற்கிறவன் என்ன சொன்னாலும் பல் பொய் சொல்லாது. பேட்டரி ஆரோக்கியம் என்று இன்றைக்குச் சதவீதத்தில் காட்டுகிறார்களே, அதுதான் போனுக்குப் பல். பழைய போன் வாங்கப் போகிற இளவட்டங்கள் கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் முதலில் அதைத்தான் திறந்து பார்க்கிறார்கள். அப்புச்சி பார்த்தால் மெச்சுவார்.

அப்புறம் சுழி. நெற்றியிலும் முதுகிலும் மயிர் சுழித்திருக்கிற இடத்தை வைத்து ஒரு பெரிய சாஸ்திரமே உண்டு. கோபுரச் சுழி இருந்தால் வீடு உயரும், துடைப்பச் சுழி இருந்தால் வீட்டையே கூட்டித் துடைத்துக்கொண்டு போய்விடும். அப்புச்சி தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார், ஆனால் சுழியைப் பார்த்து மாடு பிடிக்கமாட்டார். “சுழியா ஏர் இழுக்குது?” என்பார். இன்றைய சுழிக்குப் பெயர் பெஞ்ச்மார்க் ஸ்கோர். பல லட்சத்தில் ஏதோ ஒரு எண்ணைச் சொல்கிறார்கள். கடையில் நின்ற பையன் அதைத்தான் எனக்கு ஒப்பித்தான். “சார், திரை நூத்தி இருபது ஹெர்ட்ஸ். போன வருஷம் வரைக்கும் இதை ப்ரோவுலதான் குடுத்தாங்க.” ஒரு விநாடிக்கு நூற்றிருபது தடவை திரை புதுசாக வரையப்படுகிறது, பழசில் அறுபது தடவைதான். விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தேன். “வழுக்கிட்டுப் போகுதே, தெரியலையா?” என்றாள் மகள். தெரிகிறது என்று சொல்லிவைத்தேன். கேமரா 48 மெகாபிக்சல் என்றான். வெளிச்சம் மங்கினால் அது நாலு நாலு புள்ளியாக ஒரே கட்டாகக் கட்டிக்கொண்டு பன்னிரண்டாகத்தான் வேலை செய்கிறது. நான் எடுக்கிற படங்களோ பேரனின் தூக்கமும், மின்சாரக் கட்டண ரசீதும். ரெண்டுமே மங்கின வெளிச்சம்.

சந்தைக்கே வருகிறேன். மத்தியானத்துக்கு மேல் ஒரு ஜோடி மயிலைக் காளைகளிடம் அப்புச்சி நின்றுவிட்டார். ஆறு பல். நடக்கவிட்டுப் பார்த்தார், தண்ணி குடிக்கவிட்டுப் பார்த்தார். மாட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இத்தன நல்ல மாட்ட ஏனுங்க விக்கறீங்க?” எத்தனையோ ரிவ்யூ பார்த்துவிட்டேன், இந்தக் கேள்வியைக் கேட்டவரை இன்னும் பார்க்கவில்லை.

தரகர் வந்தார். அப்புச்சி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தன் கையும் தரகர் கையும் மறைகிற மாதிரி மேலே போட்டார். அடியில் விரல்கள் பேசிக்கொண்டன. இத்தனை விரலைப் பிடித்தால் இத்தனை நூறு என்று கணக்கு. வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. இரண்டு முகத்திலும் ஒன்றுமே இல்லை. என் உயரத்துக்குத் துண்டின் ஓரம் சரியாகக் கண்ணுக்கு நேரே தொங்கியது. குனிந்து உள்ளே பார்க்கப் போனேன். அப்புச்சி என்னைப் பார்க்காமலே முழங்காலால் ஒரு தள்ளு தள்ளினார். துண்டு ஒருமுறை விறைத்தது, தளர்ந்தது. அப்புச்சி கையை உருவிக்கொண்டு, “பாக்கலாமுங்க” என்றார். அவ்வளவுதான்.

திரும்பும்போது சந்தைக் கடையில், வீட்டில் இருந்த கிழட்டுக் காளைக்கு ஒரு புது மூக்கணாங்கயிறும் ஒரு சலங்கையும் வாங்கினார். பஸ்ஸில் கேட்டேன். “ஏனுங்கப்புச்சி, நல்ல மாடுதானுங்களே?”

“மாடு நல்ல மாடுதான் கண்ணு. நம்ம தட்டுப்போரு பத்தாது.”

சோளத்தட்டுப் போரைச் சொன்னார். புதுமாடு வாங்குவதைவிட அதற்குத் தீனி போடுவதுதான் செலவு, மாட்டைப் பார்க்குமுன் வீட்டுப் போரைப் பார் என்று நான் அதற்குப் பொருள் விரித்துக்கொண்டேன். பிறகு நாற்பது வருஷம் இந்தக் கதையைச் சொல்லாத இடமில்லை. கார் எடுக்கப் போன மச்சானிடம் சொல்லியிருக்கிறேன், அபார்ட்மென்ட் பார்க்கப் போன நண்பனிடம் சொல்லியிருக்கிறேன், அலுவலகத்தில் ஒரு வழியனுப்பு விழாவில் மைக் பிடித்தே சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் போன் கடைப் பையனிடமும் சொன்னேன். போனும் தீனி தின்கிற ஜீவன்தான் தம்பி, அது தின்பது நம் பொழுதை, என் போரில் தட்டு குறைவு என்று. அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, “வட்டியில்லா இ.எம்.ஐ. இருக்கு சார்” என்றான்.

எடுக்காமல் வந்துவிட்டேன். பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டேன். லித்தியம் அயன் பேட்டரிக்காக 2019-இல் மூன்று பேருக்கு வேதியியல் நோபல் கொடுத்தார்கள். அதில் ஜான் குட்இனஃப் என்பவருக்கு அப்போது 97 வயசு. அத்தனை வயசில் நோபல் வாங்கியவர் வேறு யாருமில்லை. அவர் நூறு வயசு வாழ்ந்தார். அவர் கொடுத்த பேட்டரிக்குத்தான் ஆயுசு கெட்டியில்லை. முழுசாக ஐந்நூறு தடவை ஏற்றி இறக்கினால் எண்பது சதவீதத்துக்கு வந்துவிடும் என்றுதான் ரொம்ப நாள் கணக்கு. ஐபோன் 15-இலிருந்து அதை ஆயிரம் தடவை என்று ஆக்கியிருக்கிறார்கள். மாற்றிக் கொடுத்த பையன் பழைய பேட்டரியைக் காட்டினான். லேசாக வயிறு உப்பி, கறுப்பாக, ஒரு பிஸ்கட் பாக்கெட் கனம்கூட இல்லை. இதற்காகவா எண்பத்திரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கொடுக்கப் பார்த்தோம் என்று நெஞ்சு நிமிர்ந்தது. மூக்கணாங்கயிறு வாங்கின அப்புச்சி பேரன் அல்லவா.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிட்டால் எனக்கு நல்லது. ஆனால் அம்மாவின் அம்மா, எங்கள் அம்மிச்சி, விடமாட்டாள்.

அப்புச்சி போய்ப் பல வருஷம் கழித்து, அம்மிச்சியின் கடைசிக் காலத்தில், திண்ணையில் உட்கார்ந்து அவளிடமே இந்தக் கதையைச் சொன்னேன். அவள் வெற்றிலையை மென்று முடிக்கிறவரை பேசவில்லை. பிறகு சொன்னாள்: “போராவது மண்ணாவது. அந்த வருசம் தட்டு கூரை முட்டக் கெடந்துச்சு. தரகன் ஒரு வெரல் சேத்திக் கேட்டுப்போட்டான். இவருகிட்டக் காசில்ல. ஊட்டுக்கு வந்து மூணு நாளு செரியாச் சோறு திங்கல, தெரியுமா?”

ஒரு விரல். நாற்பது வருஷம் நான் ஊரெல்லாம் பரப்பின தத்துவம் அந்த ஒரு விரல் கனம்தான். அப்புச்சி பொய் சொன்னார் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. ஒன்பது வயசுப் பையனுக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டியிருந்தது. சொல்லிச் சொல்லி அவருக்கே அதுதான் காரணம் என்று ஆகியிருக்கும். தரகருக்குத் தெரிந்த விலை பேரனுக்குத் தெரியாது. துண்டு அதற்குத்தானே இருக்கிறது.

ஒரு போனை எடுப்பதா வேண்டாமா என்று நாம் சொல்கிற காரணங்கள் எல்லாம் மேலே வாய் பேசுகிற மழைக்கதைதான். மெகாபிக்சல், ஹெர்ட்ஸ், ஏழு வருஷத்துக்கு அப்டேட், பழசே நன்றாகத்தானே இருக்கிறது, பூமிக்குக் கேடு. எல்லாம் உண்மைதான், மழையும் உண்மைதானே. துண்டுக்கு அடியில் விரல் பேசுகிற பேச்சு வேறு. எடுக்கிறவனுக்கு அங்கே பக்கத்து மேசைக்காரன் இருப்பான். எடுக்காதவனுக்கு அடுத்த மாதத் தவணை இருக்கும். என் துண்டுக்கு அடியில் என்ன இருந்தது என்று நான் குனிந்து பார்க்கப் போனால், எங்கிருந்தோ ஒரு முழங்கால் வந்து தள்ளுகிறது.

போன வாரம் மகளிடம் பெருமையாகச் சொன்னேன். பேட்டரி மாற்றினது எவ்வளவு நல்லதாயிற்று, பார்த்தாயா? இப்போதெல்லாம் ராத்திரி பன்னிரண்டு மணிவரை சார்ஜ் நிற்கிறது.

“தெரியும்ப்பா” என்றாள். “பன்னெண்டு மணி வரைக்கும் அந்த ஐபோன் வீடியோவையே திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு இருக்கீங்க, சத்தம் என் ரூமுக்குக் கேக்குது.”